சென்னையில் அடுத்த பதினைந்து வருடத்துக்கு அரசுப் பள்ளிகள் எங்கே வேண்டும் என்று யாராவது கணக்குப் போடுகிறார்களா?

ஓஎம்ஆர்_அப்பா:

வணக்கம். சோழிங்கநல்லூர் பக்கம் குடியிருக்கிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏரியாவில் நடந்து போகும் தூரத்தில் அரசுப் பள்ளி என்று இருப்பது ஒன்றுதான். பெயர் வேண்டாம், அங்கே இருக்கிற ஆசிரியர்கள் தங்களால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வருகிற கூட்டத்தை அந்தக் கட்டிடம் தாங்காது. ஒரு செக்‌ஷன் லேபில், இன்னொன்று வராந்தாவில், சத்துணவுக்கு இரண்டு பந்தி. மழை வந்தால் வராந்தா செக்‌ஷனைத் தூக்கி எட்டாம் வகுப்போடு உட்காரவைத்து விடுவார்கள். இதே சென்னையில் ஜார்ஜ் டவுன் பக்கமோ மயிலாப்பூர் பக்கமோ போனால் மூன்று மாடிக் கட்டிடம், வேப்பமரம், மைதானம் எல்லாம் இருக்கிற பள்ளிகளைப் பார்க்கலாம்; உள்ளே மொத்தமே நூறு பிள்ளைகள் தேறுவார்களா என்று இருக்கும்.

2011-இல் மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள், 155 வார்டு 200 ஆயிற்று. ரோடு, மழைநீர் வடிகால், மெட்ரோ என்று எல்லாவற்றுக்கும் இருபது வருடத் தேவை இவ்வளவு என்று ஓர் அறிக்கை வந்துவிடுகிறது. மெட்ரோ இரண்டாம் கட்டம் மட்டும் 118 கிலோமீட்டருக்கு மேல், அதில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது வரைக்கும் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததே இல்லை. இருக்கிற பள்ளிக்கு வகுப்பறை கட்டுகிறார்கள், டைல்ஸ் போடுகிறார்கள், ஸ்மார்ட் போர்டு மாட்டுகிறார்கள், சந்தோஷம். ஆனால் 2040-இல் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், அங்கே பள்ளிக்கு இடம் இருக்குமா என்று யார் பார்க்கிறார்கள்? மாநகராட்சியா, பள்ளிக் கல்வித் துறையா, பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவா? எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்செடுத்தால் "நம்ம பிள்ளைகள் அங்கே படிக்கப் போவதில்லையே சார்" என்று முடித்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நகரமைப்பு_பித்தன்:

எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கிறார்கள், முழுசாக யாரும் பார்ப்பதில்லை. இதுதான் சுருக்கமான பதில்.

சட்டத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, நம் மாநில விதிகள் 2011-இல். ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். கிராமத்துக்கு இது நல்ல அளவுகோல். சென்னையில் இதை வைத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 3.14 சதுர கிலோமீட்டர் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பழைய சென்னையில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,000 பேர், ஆக வட்டத்துக்குள் எண்பதாயிரம் பேர். தொடக்கப் பள்ளி வயதில் நூற்றுக்கு ஏழு பேர் என்று குறைத்தே வைப்போம், 5,600 பிள்ளைகள். அதில் முக்கால்வாசி தனியார் பள்ளிக்குப் போய்விட்டாலும் 1,400 பேர் மிச்சம். அந்த வட்டத்துக்கு நடுவில் நூறு பிள்ளைகள் படிக்கிற ஒரே ஒரு தொடக்கப் பள்ளி இருந்தால் போதும், இங்கே பள்ளி வசதி இல்லாத குடியிருப்பே கிடையாது என்று எழுதிவிடலாம், சட்டப்படி அது பொய்யும் இல்லை. நகரத்தில் பிரச்சினை தூரம் இல்லை, இடம். இருக்கை எத்தனை என்பதுதான் கேள்வி. தூரத்தையே எடுத்தாலும் அறுநூறு மீட்டரில் இருக்கிற பள்ளிக்குப் போக ஓஎம்ஆரின் (பழைய மகாபலிபுரம் சாலை) ஆறு வழிகளையோ பக்கிங்காம் கால்வாயையோ தாண்ட வேண்டும் என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது அறுநூறு மீட்டரா?

இன்னொரு அளவுகோல் இருக்கிறது, அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் திட்டமிடல் வழிகாட்டுதலில் 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, அதற்கு 0.4 ஹெக்டேர், கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். 7,500 பேருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி, 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். சென்னையில் நாலரை ஏக்கர் கேட்டால் சிரிப்பார்கள், சரி, பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் குடிசைகளை எடுத்து மக்களைக் குடியேற்றிய கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல். வீட்டுக்கு நாலு பேர் என்றால் அறுபதாயிரம். அங்கே மட்டும் 12 தொடக்கப் பள்ளியும் 8 மேல்நிலைப் பள்ளியும் வந்திருக்க வேண்டும். பக்கத்தில்கூட வரவில்லை. வீடு கட்டியது அப்போது குடிசை மாற்று வாரியம் என்று இருந்த அமைப்பு (2021-இல்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று). அவர்கள் வேலை வீட்டு எண்ணிக்கை. வரைபட அனுமதி சிஎம்டிஏ வேலை. பள்ளி நடத்துவது மாநகராட்சி. அதுவும் மாநகராட்சி எல்லை முடிகிற இடம் வரைக்கும்தான். அதே வாரியத்தின் எட்டு மாடிக் கட்டிடங்கள் நிற்கிற பெரும்பாக்கம் ஊராட்சி, செங்கல்பட்டு மாவட்டம், அங்கே பொறுப்பு வேறு ஆட்கள்.

நிலம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ போட்டால், சாலை போக, பத்து சதவீதத் திறந்தவெளியை உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். அது பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் மட்டும். அதில் பள்ளிக் கட்டிடம் கட்ட முடியாது, நீதிமன்றமும் விடாது, விடவும் கூடாது. ஆனால் பள்ளிக்கு ஒட்டினாற்போல அந்த நிலத்தை வாங்கி வைத்தால் மைதானத்துக்குத் தனியாக இடம் தேட வேண்டாம், கட்டிடத்துக்கு மட்டும் அரை ஏக்கர் பார்த்தால் போதும். இது அனுமதி கொடுக்கிற மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்ற வேண்டும், கட்டிடம் எழும்பிய பிறகு தோன்றிப் பயனில்லை. எந்த நிலம் எதற்கு என்று சிஎம்டிஏ போடுகிற திட்டம்தான் மாஸ்டர் பிளான்; இரண்டாவது 2008-இல் வந்தது, 2026 வரைக்கும். அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கும். பள்ளிக்கு நிலம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதென்றால் கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

டீச்சரம்மா_வடசென்னை:

நான் மாநகராட்சிப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 'காலிப் பள்ளி' என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு, அதனால் எழுதுகிறேன்.

ஊருக்குள் இருக்கிற பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தது உண்மை. எல்லோரும் தனியாருக்கு ஓடிவிட்டார்கள் என்று அதற்கு ஒரே காரணம் சொல்வார்கள். பாதி அது. மீதிப் பாதி, அந்தப் பிள்ளைகளின் வீட்டையே எடுத்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் இருந்தவர்களைக் கொண்டுபோய் இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் கரையோரப் பள்ளியில் யார் இருப்பார்கள்? அங்கே குறைந்த எண்ணிக்கைதான் பித்தன் சார் சொல்கிற கண்ணகி நகரில் கூடியது.

இன்னொரு விஷயம், திட்டம் போடுகிறவர்கள் யாரும் இதை எழுதி நான் பார்த்ததில்லை. என் கடைசிப் பள்ளி ஊருக்கு நடுவில். காலை எட்டு மணிக்கே நாலைந்து பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருக்கும், பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இல்லை. அம்மாக்காரி பெரும்பாக்கத்திலிருந்தோ செம்மஞ்சேரியிலிருந்தோ முதல் பஸ்ஸில் ஏறி வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு முன்னால் விட்டுவிட்டு, பக்கத்து அடுக்குமாடியில் மூன்று வீடு பாத்திரம் தேய்க்கப் போவாள். மூன்றரைக்கு வேலை முடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். அவளுக்கு அக்கம்பக்கத்துப் பள்ளி என்றால் வேலை பார்க்கிற வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிதான். வீட்டுப் பக்கம் விட்டால் மத்தியானத்துக்கு மேல் யார் பார்ப்பார்கள்? 2021-இல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆன பிறகு அவளுக்கு இது இன்னும் எளிதாயிற்று. 2022-இல் காலை உணவு வந்தது, படியில் உட்காருகிற பிள்ளைகள் எட்டரைக்கே உள்ளே வந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளியை வார்டு மக்கள்தொகையை வைத்து அளந்தால் மூட வேண்டிய பள்ளி. அந்தப் பெண்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இடத்தை மட்டும் கையை விட்டுப் போகவிடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் மதிய உணவு ஆரம்பித்தார் என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் காலத்து ஆட்கள் நகரத்துக்கு நடுவில் பள்ளிக்கென்று இடம் பிடித்து வைத்ததால்தான் இன்றைக்கு நமக்குப் பேச ஒரு கட்டிடமாவது இருக்கிறது. இன்றைய விலைக்கு யாரால் வாங்க முடியும்?

கண்ணகிநகர்_2000:

டீச்சர் சொன்ன அந்தப் படியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், வேறு பள்ளி.

எங்களைக் கூவம் கரையிலிருந்து மாற்றியது படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே. டிசம்பர் என்று நினைவு. லாரியில் பீரோ, கட்டில், கோழிக்கூடை எல்லாம் ஏற்றினார்கள், டிசி பற்றி யாரும் பேசவில்லை. இங்கே வந்து சேர்க்கப் போனால் டிசி வாங்கி வாருங்கள் என்றார்கள், பழைய பள்ளியில் போய்க் கேட்டால் பரீட்சை முடியட்டும், இப்போது எதற்கு அவசரம் என்றார்கள். எங்கள் பிளாக்கில் பத்தாவது படித்த அண்ணன் ஒருவர் பரீட்சை வரைக்கும் விடியற்காலை பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே போனார், பாஸ் செய்தார். அவர் தங்கை போகவில்லை. வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள், அதோடு படிப்பு முடிந்தது. இந்த மாதிரி எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் வந்தவர்களுக்கும் இதே கதைதான், பாதி வருடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

திட்டம் திட்டம் என்கிறீர்கள். வீடு காலி செய்கிற தேதியை மே மாதத்தில் வைப்பதற்கு இருபது வருடத் திட்டம் வேண்டாம் அண்ணா, காலண்டர் போதும். வீட்டுச் சாவி கொடுக்கிற நாளில் பள்ளிக்கூடமும் திறந்திருக்க வேண்டும். பால்வாடி, பள்ளி, அப்புறம் லிஃப்ட். இங்கே எல்லாமே தலைகீழ், முதலில் வந்தது டாஸ்மாக்.

எக்செல்_ஏகாம்பரம்:

கணக்குப் போடுகிறார்களா என்றுதானே கேட்டீர்கள். போடத் தேவையான எண்கள் எல்லாமே அரசாங்கத்திடம் இருக்கின்றன. ஒரே மேசைக்கு வருவதில்லை.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பு: வார்டு வாரியாகப் பிறப்புப் பதிவை எடுத்து ஐந்து வருடம் தள்ளி ஒன்றாம் வகுப்பு என்று போடுவது. பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த இடத்தில், பெற்றோர் குடியிருக்கிற இடத்தில் இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்தால் எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஊர்ப்பட்ட குழந்தைகள் இருப்பது போலத் தெரியும், காரணம் அங்கே இருக்கிற பெரிய மகப்பேறு மருத்துவமனைகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிற வழக்கம் வேறு நமக்கு இருக்கிறது, சோழிங்கநல்லூரில் வளரப்போகிற குழந்தை திருநெல்வேலியில் பதிவாகும். இதற்குப் பதில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிற பிக்மி எண், தடுப்பூசிப் பதிவு, அங்கன்வாடிப் பதிவேடு, இந்த மூன்றும் குடியிருக்கிற இடத்தை ஒட்டி வருபவை. மூன்று வயதுப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அங்கன்வாடி ஆயாவுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

அடுத்தது வகுப்புக்கு வகுப்பு எத்தனை பேர் தேறுகிறார்கள் என்கிற விகிதம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருக்கிறது, மத்திய அரசின் யுடைஸ் தளத்தில் பள்ளி வாரியாக வகுப்பு எண்ணிக்கையை யாரும் பார்க்கலாம். ஐந்தாறு வருடத்துக்கு எடுத்து வையுங்கள். போன வருடம் ஐந்தில் 40 பேர், இந்த வருடம் ஆறில் 52 பேர் என்றால் விகிதம் 1.3. உதாரணத்துக்குச் சொல்கிறேன், ஆனால் இந்த விகிதம் ஒன்றுக்கு மேல் போவதுதான் இப்போது கவனிக்க வேண்டியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (2020 முதல்), பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய் (2022 முதல்), பிறகு பையன்களுக்கும் (2024). ஐந்து வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றப் பெற்றோருக்கு வலுவான காரணம் இருக்கிறது. மாநகராட்சியின் அமைப்போ இதற்கு நேர் எதிர். புறநகர்ப் பள்ளிகள் சேர்வதற்கு முன்னால் இருந்த 281 பள்ளிகளில் தொடக்கம் 119, நடுநிலை 92, உயர்நிலை 38, மேல்நிலை 32. கூட்டம் வருவது மேலே, கட்டிடம் இருப்பது கீழே. ஓஎம்ஆர்_அப்பா சொன்ன வராந்தா செக்‌ஷன் ஆறாம் வகுப்பில் வருவது தற்செயல் இல்லை.

நீண்ட காலத்துக்குப் பார்த்தால் இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 1.4 என்று 2020 மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. ஆக மொத்தப் பிள்ளைகள் குறையத்தான் போகிறார்கள், தெற்கிலும் மேற்கிலும் சில இடங்களில் மட்டும் கூடுவார்கள். எனவே எல்லா இடத்திலும் பெரிய கட்டிடம் கட்டுவது பதில் இல்லை. நிலத்தைப் பிடித்து வையுங்கள், பாதி கட்டுங்கள், மீதியைத் தேவை வந்தால் கட்டுங்கள். அஸ்திவாரத்தை மட்டும் மூன்று மாடிக்குப் போடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-க்குப் பிறகு நடக்கவில்லை, அடுத்தது 2027 மார்ச். அது வந்து, அட்டவணை வெளியாகி, அதன் பிறகு திட்டம் என்றால் மாஸ்டர் பிளான் ரயில் போய்விடும்.

மழைநகரத்_தமிழன்:

சியாட்டிலில் இருக்கிறேன், பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில்தான். டீச்சர் சொன்ன 'இடத்தை விடாதீர்கள்' என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

1981-இல் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று லிங்கன், குவீன் ஆன் என்று இரண்டு பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடினார்கள். குவீன் ஆன் கட்டிடம் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியது, இன்றைக்கும் அப்படித்தான். லிங்கன் கட்டிடத்தை ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பு (இங்கே பள்ளி மாவட்டம் என்பார்கள்) கையிலேயே வைத்திருந்தது. வேறு பள்ளிகளைப் புதுப்பிக்கும்போது பிள்ளைகளைத் தற்காலிகமாக உட்காரவைக்கப் பயன்பட்டது. 2019-இல் கூட்டம் தாங்காமல் லிங்கனை மறுபடி உயர்நிலைப் பள்ளியாகத் திறந்தார்கள். குவீன் ஆனைத் திறக்க முடியாது, உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அதைவிட வேடிக்கை 2009. ஜனவரியில் ஐந்து கட்டிடங்களை மூடத் தீர்மானம் போட்டார்கள், அதே வருடம் அக்டோபரில் வேறு ஐந்து பழைய பள்ளிகளைத் திறக்கத் தீர்மானம் போட்டார்கள், செலவு நாலரைக் கோடி டாலருக்கு மேல். ஊரின் ஒரு பக்கம் குறைந்தது, இன்னொரு பக்கம் கூடியது, மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. 2024-இல் மறுபடி இருபது தொடக்கப் பள்ளிகளை மூடலாம் என்று பேச்சு வந்தது, பெற்றோர் கொதித்தார்கள், நாலாகக் குறைத்தார்கள், நவம்பரில் அதையும் விட்டுவிட்டார்கள். இங்கே எண்களுக்குப் பஞ்சமே இல்லை, பத்து வருடத்துக்கு மதிப்பீடு வருகிறது, ஆனாலும் இப்படித்தான். ஏகாம்பரம் மன்னிக்க வேண்டும், நல்ல எக்செல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. நிலம் கையில் இருந்தால் தப்பான கணக்கையும் திருத்திக்கொள்ளலாம்.

வெட்டிப்பேச்சு_வேலு:

எல்லாம் சரி, ஒரு கேள்வி. இங்கே எழுதுகிற எத்தனை பேர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள்? சியாட்டில் அண்ணன் அமெரிக்காவில் சேர்த்திருக்கிறார், அது கணக்கில் வராது. ஓஎம்ஆரில் ஒரு கோடிக்கு ஃபிளாட் வாங்கினவருக்கு இந்த அக்கறை எதற்கு?

ஓஎம்ஆர்_அப்பா:

வேலு சார், நியாயமான குத்து. என் பையன் தனியார் பள்ளியில்தான் படிக்கிறான். எல்கேஜிக்கே ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினேன், பஸ்ஸில் போக வர ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளியில் இடம் இருந்திருந்தால் சேர்த்திருப்பேனா என்றால், சேர்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நிரூபிக்க வழியில்லை. அது போகட்டும். எங்கள் அடுக்குமாடியில் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், வீட்டு வேலை என்று தினமும் உள்ளே வருகிறவர்கள் ஒரு சின்ன ஊர் அளவுக்கு இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள்தான் அந்த வராந்தா செக்‌ஷன். கட்டிட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள், அந்தப் பெற்றோர் இங்கே வாக்காளர்கள் இல்லை. இத்தனை மாடிக்கு அனுமதி கொடுக்கும்போது எத்தனை கார் நிறுத்தலாம் என்று கணக்குக் கேட்கிறவர்கள், இந்தக் கட்டிடத்தை நடத்த வருகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று கேட்பதில்லை.

பித்தன் சார், ஏகாம்பரம், இப்போது நான் யாரிடம் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்? மனு எழுதத் தயார், சங்கத்தில் ஒரு மூன்று பேரைப் பிடித்துவிட்டேன்.

டீச்சரம்மா_வடசென்னை:

நான் சொல்கிறேன். தனியாக மனு எழுதாதீர்கள், "தகுந்த நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி பதில் வரும். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, 2022-இல் புதிதாக அமைத்தார்கள், பெரும்பான்மை பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான், உள்ளாட்சிப் பிரதிநிதியும் அதில் உறுப்பினர். அந்தக் குழுவின் தீர்மானத்துக்கு இருக்கிற மதிப்பு உங்கள் சங்கத்தின் லெட்டர் பேடுக்குக் கிடையாது. உங்கள் பிள்ளை அங்கே இல்லை என்பதால் நீங்கள் பெற்றோராக உறுப்பினர் ஆக முடியாது, பரவாயில்லை, எண்களை எடுத்துத் தலைவியிடம் கொடுங்கள். போகும்போது சட்டம் பேசாமல் போங்கள். அவர்களே பேசுவார்கள்.

தீர்மானத்தில் 'கூடுதல் வகுப்பறை வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள், இரண்டு வகுப்பறை கட்டி உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள், மைதானமும் போய்விடும். புதிய மேல்நிலைப் பள்ளிக்கு இடம் என்று எழுதச் சொல்லுங்கள்.

நகரமைப்பு_பித்தன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'இடம் ஒதுக்குங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் இடமே இல்லை என்பார்கள். சர்வே எண் போட்டுக் கேளுங்கள். உங்கள் பக்கம் அரசுப் புறம்போக்கு, பெரிய மனைப்பிரிவுகளில் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த நிலம், பயன்படாமல் கிடக்கிற துறைக் கட்டிடங்கள், எது எது என்று பட்டியல் எடுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் அது அரசு நிலமா தனியார் நிலமா என்று பார்த்துவிடலாம். சிஎம்டிஏ தளத்தில் சமீபத்தில் அனுமதி வாங்கிய அடுக்குமாடிகள் இருக்கும், அவற்றின் வீட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் மூன்று வருடம் கழித்து வரப்போகிற கூட்டம் தெரியும். அதை ஏகாம்பரம் சொன்ன அங்கன்வாடிக் கணக்கோடு வைத்து ஒரு பக்கத்தில் அடக்குங்கள். இரண்டு பிரதி, ஒன்று மாநகராட்சிக் கல்வித் துறைக்கு, ஒன்று மூன்றாவது மாஸ்டர் பிளானுக்குக் கருத்தாக சிஎம்டிஏவுக்கு.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் பக்கம் காலியாகத் தெரிகிற நிலத்தில் நிறைய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது. 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வந்துவிட்டது. அதில் கை வைத்துக் கேட்காதீர்கள், முதல் மழையிலேயே பள்ளியும் மூழ்கும், உங்கள் மனுவும் மூழ்கும்.

கண்ணகிநகர்_2000:

அண்ணா, எங்கள் பக்கம் அப்படி ஒரு இடம் இருக்கிறது. மேடான இடம், தண்ணீர் நிற்காது, வேலி போட்டு ரொம்ப நாளாகச் சும்மா கிடக்கிறது. பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய் சர்வே கல் நம்பர் பார்த்துப் போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன். அங்கன்வாடி டீச்சரும் தெரிந்தவர்தான், பதிவேட்டைக் காட்டுவாரா தெரியவில்லை, எண்ணிக்கையாவது சொல்வார்.

எக்செல்_ஏகாம்பரம்:

எண்ணிக்கை போதும் தம்பி, வயது வாரியாக வாங்கு. பெயர் விவரம் எதையும் இங்கே போட வேண்டாம். அட்டவணையை நான் போட்டுத் தருகிறேன்.